சரக்கில்லாத கிட்டங்கி: லெபோ அம்பாங் வணிக மனைகளும் அவற்றின் சொற்களும்

ஸ்ரீ கெம்பாங்கானில் வாழும் மாணவர் ஒருவர் செர்டாங் கொமுட்டர் நிலையத்தில் இரயிலேறி, பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி வடக்கு நோக்கி நடந்தால், கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடையில் மஸ்ஜிட் ஜாமெக்கை அடைந்துவிடுவார். அதற்கு அருகில், துன் பேராக் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் குறுகிய தெருவே லெபோ அம்பாங். உணவகங்களும் நாணய மாற்றுக் கடைகளும் அத்தெருவின் கீழ்த்தளங்களை இன்று நிறைத்துள்ளன. மேலே அண்ணாந்து பார்த்தால் மரச் சாளரங்களும், சுண்ணாம்புப் பூச்சுதிர்ந்த சுவர்களும், இரண்டு மூன்று மாடிகளைக் கொண்ட பழைய கடைவீடுகளின் வரிசையும் தெரியும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிலாங்கூரின் ஈயமும் ரப்பரும் கடன் பெற்றுச் சென்ற இடங்களுள் இத்தெரு முதன்மையானது. அக்கடன் வழங்கிய மனைகளுக்கு நகரத்தார் இட்ட பெயர் கிட்டங்கி. அம்மனைகளின் வரலாற்றையும், அவற்றோடு சேர்ந்து வழக்கொழிந்துவரும் சொற்களின் வரலாற்றையும் ஒருசேர ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘கிட’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது கிடங்கு. பண்டம் கிடக்கும் இடம் பண்டகசாலை ஆயிற்று. சங்க இலக்கியத்தில் கிடங்கு என்பது மதிலைச் சூழ்ந்த அகழியைக் குறித்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுடைய ஓய்மாநாட்டில் கிடங்கில் என்றே ஓர் ஊர் இருந்தது. இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது அது. தெலுங்கில் இச்சொல் கிட்டங்கி என வழங்கும். மலாயில் கெடோங், கூடாங் என்னும் வடிவங்கள் உள்ளன. ஆங்கிலத்தின் கோடவுன் மலாயிலிருந்து சென்றது என்றும், மலாய்ச் சொல்லோ தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும் 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் யூலும் பர்னெலும் எழுதினர். கிடங்கு என்பதில் டகரம் இரட்டித்து ஈறும் இகரமாவது தமிழில் இயல்பான திரிபன்று. எனவே கிட்டங்கி என்னும் வடிவம் தெலுங்கு வழியாகத் துறைமுகத் தமிழுக்குள் வந்தது என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. நகரத்தார் நாவில் அது கிட்டிங்கி என்றும் ஒலிக்கும்.

வியப்பு என்னவெனில், பண்டகசாலை என்று பொருள்படும் பெயர் தாங்கிய இம்மனைகளில் பண்டம் ஏதும் இல்லை. அரிசி மூட்டையும் இல்லை, துணிக்கட்டும் இல்லை. இருந்தவை பெட்டிகளும் பேரேடுகளுமே. நகரத்தாரின் முன்னோர் உப்பும் நெல்லும் துணியும் விற்ற வணிகர்கள். சரக்கு வணிகம் பணவணிகமாக மாறிய பின்னரும் பழைய பெயரை அவர்கள் கைவிடவில்லை. கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதை அவர்கள் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்று சொன்னதும் இத்தகையதே. கொண்டுசென்று விற்பதற்குக் கையில் சரக்கு இல்லாத காலத்திலும் அத்தொடர் நின்றது. தொழில் மாறியதை விடச் சொல் மெதுவாகவே மாறும். மொழியியல் பயில்வோர்க்கு இது பழகிய செய்தி.

இத்தெருவை அவர்கள் தேர்ந்துகொண்டதன் காரணத்தை நகரின் அமைப்பே காட்டுகிறது. கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1857 அளவில் தோன்றிய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பே கோலாலம்பூர். அங்கிருந்து கிழக்கே ஈயச் சுரங்கங்களுக்குச் சென்ற வழியே அம்பாங் தெரு. அணை என்னும் பொருளுடைய எம்பாங் என்ற மலாய்ச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. சுரங்கத்துக்கு நீர் தேக்கிய அணைகளை அது நினைவூட்டுகிறது. 1880இல் ஆங்கிலேயர் தம் நிருவாகத்தைக் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றினர். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பக்கத்திலிருந்து இரயில் வந்து சேர்ந்தது. ஆற்றங்கரைச் சந்தைக்கும் சுரங்க வழிக்கும் இடைப்பட்ட தெருவில் கடன் கொடுப்போர் அமர்ந்ததில் வியப்பில்லை. சந்தையிலிருந்து சில நிமிட நடையில் பணம் கிடைத்தது.

கிட்டங்கியின் வெளித்தோற்றம் மற்றக் கடைவீடுகளினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. முகப்பு குறுகியது; உள்ளே ஆழம் மிகுதி. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுவானவை. உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளமே மனையின் அகலத்தை வரையறுத்தது. நடுவில் காற்றும் ஒளியும் புக முற்றம் ஒன்று இருந்தது. முகப்பில், நம் மக்கள் ‘அஞ்சடி’ என்று வழங்கும் ஐந்தடி நடைபாதை. வேறுபாடு உட்புறத்தில்தான். சீனக் கடைவீட்டில் கடை முன்னாகவும் குடும்பம் பின்னாகவோ மாடியிலோ வாழும். கிட்டங்கியில் குடும்பமே இல்லை. தடுப்புச் சுவரற்ற நீண்ட கூடத்தில் இருபுறமும் வரிசையாகச் சாய்வான மூடியுள்ள தாழ்ந்த மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் பாயில் அமர்ந்த ஒருவர். அவருக்குப் பின்னால் ஓர் அலமாரியும் இரும்புப் பெட்டியும். ஒரு பெட்டி என்பது ஒரு நிறுவனம். ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் இவ்வாறு தொழில் நடத்தின. இக்கால வங்கியாளர் இதனை நம்ப மாட்டார். கடன் கேட்டு வந்தவரை ஒரு பெட்டி மறுத்தால் அதை அடுத்த பெட்டி காதால் கேட்டுக்கொண்டிருக்கும். ஆயினும் அவ்வமைப்பின் வலிமையும் அதுவே. கடன் வாங்குவோரின் நாணயம் பற்றிய செய்தி எழுதாமலே கூடம் முழுவதும் பரவியது.

பகலில் அமர்ந்து கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் அவர்கள் பாய் விரித்துப் படுத்தனர். சமையல் பொது, செலவும் பொது. நிறுவனத்தை நடத்த வந்தவர் முதலாளி அல்லர், முதலாளியின் முகவர். மேலாள் என்பது அவர் பெயர். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். பெட்டிக்கு அருகிலிருந்து ஏவல் செய்து தொழில் பழகிய சிறுவன் பெட்டியடிப் பையன். எவ்வளவு தெளிவான பெயர்கள்! படிநிலையைச் சொல்ல அவர்களுக்குக் கடன் வாங்கிய சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. மேலாள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்கு வருவார். தவணை முடிந்ததும் பேரேடுகளை ஒப்படைத்து, ஐந்தொகை போட்டுக் காட்டிவிட்டு ஊர் திரும்புவார். மனைவியை அழைத்துவரும் வழக்கம் இல்லை. நம் நாட்டில் தமிழர் வாழ்ந்த கட்டடங்களுள் பெண்களின் குரல் அறவே கேட்காத மனை இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் பெண்களின் பணம் அங்கு இருந்தது. கிட்டங்கியின் முதல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதலாளியின் சொந்தப் பணத்தோடு, கோயில் பணம், உறவினர் வைப்புப் பணம், ஆச்சிமார் பணம் எனப் பல தலைப்புகள் பேரேட்டில் வரும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த ஆச்சி ஒருவரின் சீர்ப்பணம் கோலாலம்பூரில் ஓர் ஈயச் சுரங்கத்தின் நீர்இறைப்பு எந்திரமாக மாறியிருக்கலாம். அவர் அதனைக் கண்டதில்லை. வட்டியை மட்டும் கண்டார். பெண்ணின் பணம் கப்பலேறியது, பெண் ஏறவில்லை. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பற்பயணிகளின் பட்டியலை மட்டுமே பார்த்தால் இந்த ஆச்சிமார் ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

வைப்புக்கும் கடனுக்கும் நடப்பு வட்டி, தவணை வட்டி என இரு வகைகள் இருந்தன. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் கூடித் தமிழ் மாதந்தோறும் நடப்பு வட்டியை முடிவு செய்தனர். மலாயாவிலும் கோயிலே அவர்தம் தொழிற்சங்கமாக விளங்கியது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலும், சிங்கப்பூர்த் தேங்க் சாலைக் கோயிலும், கோலாலம்பூரில் ஈப்போ சாலைத் தண்டாயுதபாணி கோயிலும் வழிபாட்டுக்கு மட்டும் எழுந்தவை என்று கருதிவிடலாகாது. வழக்குகள் நீதிமன்றம் செல்வதற்கு முன் அங்கே தீர்க்கப்பட்டன. வணிகத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்குச் சென்றது.

இங்கே இரு சொற்களைக் குறிப்பிட விழைகிறோம். இன்று விலாசம் என்றால் முகவரி. கிட்டங்கியில் விலாசம் என்பது நிறுவனத்தின் பெயரெழுத்துகள். பாட்டன், தந்தை, பங்காளி முதலியோரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த மூன்று நான்கு எழுத்துகள் அவை. எவரேனும் ‘தங்கள் விலாசம் என்ன?’ என்று கேட்டால் தெருப்பெயர் விடையாக வராது; எழுத்துகளே வரும். காலனிக்கால மலாயாவின் சட்ட அறிக்கைகளைப் புரட்டினால் இவ்வெழுத்துகள் தொடர்ந்து எதிர்ப்படும். மற்றொன்று உண்டியல். இன்று நம் மாணவர்க்கு அது கோயிலில் காணிக்கையிடும் பெட்டி. கிட்டங்கியில் அது ஓர் ஊரில் பணம் கட்டி மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ள உதவிய சீட்டு. ஒரு தாளின் பெயர் எவ்வாறு ஒரு பெட்டிக்குச் சென்றது என்பதை வகுப்பில் பொருள்மாற்றம் கற்பிக்கும் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மலாய் மொழிக்கும் கிட்டங்கியில் இருந்த பொருள்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கெடாய் என்பது நம் கடை. மோடால் என்பது நம் முதல். பெத்தி என்பது நம் பெட்டி. இவை கிட்டங்கிகளுக்கு மிக முன்னரே, பழைய கடல் வணிகக் காலத்தில் மலாயில் கலந்துவிட்டவை. அவற்றை எவரும் இன்று அயற்சொல்லாகக் கருதுவதில்லை. அவற்றோடு சேர்ந்து இன்னொரு சொல்லும் உண்டு: செத்தி. மலாய் அகராதியில் அதன் பொருள் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் என்பது. ஒரு சமூகப் பெயர் ஒரு தொழிலின் பெயராகி, உரிமமின்றிக் கொடுங்கடன் கொடுப்பவரையும் சுட்டும் ஏச்சுச் சொல்லாக இறங்கியது. முதலுக்கு மரியாதை, செத்திக்கு வெறுப்பு. இவ்வேறுபாடு எங்கிருந்து பிறந்தது என்பதை மறைத்துக் கிட்டங்கியின் பெருமையை மட்டும் பேசுவது வரலாறாகாது.

ஐரோப்பிய வங்கிகள் பெரிய நிறுவனங்களுக்கே கடன் கொடுத்தன. சீனச் சுரங்கக்காரர், சில்லறைக் கடைக்காரர், அரசுக் கெராணிமார், சிறு நிலம் வைத்திருந்த மலாய்க்காரர் ஆகியோர்க்கு வங்கியின் கதவு திறக்கவில்லை. கிட்டங்கி திறந்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த நிலப்பதிவு முறையில் உரிமை ஒரே பத்திரத்தில் அடங்கியது. கிராண்ட் என்று நம் மக்கள் சொல்லும் அத்தாளைப் பெட்டியில் வைத்துவிட்டால் நிலமே பெட்டிக்குள் வந்தது போலத்தான். 1910இல் ரப்பர் விலை உச்சத்தை எட்டியபோது நிலத்தின் மதிப்பு உயர்ந்தது, கடனும் பெருகியது. மலாய்க்காரர் நிலம் கடனுக்காகக் கைமாறிப் போகிறது என்ற கவலையே கூட்டு மலாய் மாநிலங்களில் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் எழ ஒரு முதன்மைக் காரணம். அச்சட்டத்தால் அடைமானம் நின்றுவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கடன்பட்டோர் மீண்டும் நிலமிழக்கும் நிலை வந்தது. 1933இல் சட்டம் இறுக்கப்பட்டு, ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதோர்க்கு அடைமானம் வைப்பதும் தடுக்கப்பட்டது.

பர்மாவில் நிகழ்ந்ததோ இதனினும் பெரிது. 1930க்கும் 1937க்கும் இடைப்பட்ட ஏழே ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலத்தை விரும்பி அவர்கள் வாங்கவில்லை. பணம் திரும்பாததால் நிலம் வந்தது. அவர்கள் பக்கத்து நியாயம் அது. நிலமிழந்த உழவனுக்கு அந்நியாயத்தால் பயனில்லை. இரண்டும் உண்மையே. நம் பாடநூல்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் ஓரிடத்திலும் இந்திய வணிகர் வேறோரிடத்திலும் வருகின்றனர். அவ்விரு பக்கங்களும் லெபோ அம்பாங்கில் ஒரே கூடத்தில் சந்தித்தன என்பதை ஆசிரியர்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். இந்நூலைப் படிக்கும் தமிழருள் பெரும்பாலோர் தோட்டப் பாட்டாளிகளின் வழிவந்தோர். அவர்தம் பாட்டனார் கிட்டங்கியின் படியேறியவர் அல்லர். கடனால் கைமாறிய தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராக இருக்கலாம். ஒரே மொழி பேசியதால் ஒரே வரலாறு ஆகிவிடாது. ‘தமிழரின் வணிகச் சிறப்பு’ என்று பொத்தாம் பொதுவாக எழுதும் கட்டுரைகள்மீது நமக்கு மனக்குறை உண்டு.

போர் இத்தொழிலின் முதுகெலும்பை முறித்தது. 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஊருக்கும் கிட்டங்கிக்கும் இடையே கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கடன்பட்டோர் பலர் போருக்கு முந்திய வெள்ளிக் கடனை அந்நோட்டால் தீர்க்க வந்தனர். மறுத்தால் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகவேண்டும். வாங்கினால் கையில் இருப்பது வெறுந்தாள். போருக்குப் பின் எழுந்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் கடன்பட்டோர், கடன் கொடுத்தோர் தொடர்பான தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. ஜப்பானிய நோட்டு எந்தக் காலத்தில் எவ்வளவு பெறும் என்று அட்டவணை வகுக்கப்பட்டது. 1951இல் வட்டிக்கடைக்காரர் சட்டம் வந்து தொழிலை உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின் குடியுரிமையும் குடிநுழைவு விதிகளும் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள்மாறும் பழைய முறையை இயலாததாக்கின. மேலாள் வருவது நின்றபின் பெட்டியடிப் பையனுக்குத் தொழில் பழக்க எவருமில்லை.

நகரத்தார் வங்கித் தொழிலுக்கு மாறவும் முயன்றனர். எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி விரைவிலேயே மலாயாவிலும் கிளை விரித்தது. இந்தியாவில் வங்கிகள் நாட்டுடைமை ஆனபின், அயல்நாட்டு அரசுக்குரிய வங்கி இங்குத் தொழில் நடத்த இயலாத நிலையில், மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் 1973இல் ஒன்றாகி யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. அதுவும் பின்னர் வேறொரு வங்கியோடு இணைந்து பெயரிழந்தது.

கட்டடங்களின் கதை மூன்று நகரங்களில் மூன்று விதமாக முடிந்தது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர். நகர மறுசீரமைப்பில் அங்கிருந்த கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு வானுயர் கட்டடங்கள் எழுந்தன. பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதால் பினாங்குத் தெருவின் மனைகளுக்குக் காப்புக் கிடைத்தது. கோலாலம்பூரோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1948க்கு முன் கட்டிய மனைகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தெருக்களைத் தற்செயலாகக் காத்துவந்தது. வாடகை குறைவாதலால் வாடகையாளர் வெளியேறவில்லை. ஆதாயம் இன்மையால் உரிமையாளர் புதுப்பிக்கவுமில்லை. அச்சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகை விடுபட்டதும் அக்காப்பு போயிற்று. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களைப் பதிந்து காக்க வழி செய்கிறது. ஆயினும் அது முகப்பைக் காக்கும். கூடத்தில் பெட்டிகள் எவ்வரிசையில் இருந்தன என்பதை எவரேனும் எழுதிவைத்தாலன்றிக் காக்காது.

பேரேடுகளின் நிலை அதனினும் கவலைக்குரியது. தவணை முடிந்ததும் அவை ஊருக்குச் சென்றன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்களோடும் பீங்கான் சாடிகளோடும் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்கள் இன்று விலைபோகின்றன. சாடியை வாங்குவோர் உண்டு. பேரேட்டைப் படிப்போர் அரியர். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும் முருகன் பெயரும்; கீழே பற்றும் வரவும். தொகைகள் தமிழ் எண்களில் இருக்கும். வெள்ளிக்குக் கீழ்ப்பட்ட பின்னங்களைக் குறிக்க அரைக்கால், மாகாணி, முந்திரி முதலியவற்றுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒரு கடனுக்குரிய வட்டியை மேலாள் இக்குறியீடுகளால் மனக்கணக்காகப் போட்டார். இந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளில் படித்து வந்த நம்மில் எத்தனை பேர் அப்பக்கத்தைக் கூட்டிப் பார்க்க இயலும்? இக்குறியீடுகளைக் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ள மாணவர்க்கு ஒரு வாரம் போதும். கற்றவர் பத்துப் பேர் இருந்தால், கடன் பெற்றவர் பெயர், ஈடாக வைத்த நிலத்தின் எண், தவணை, வட்டி, நிலுவை ஆகிய அனைத்தையும் அப்பேரேடுகளிலிருந்து எடுக்கலாம். செர்டாங், காஜாங், கிள்ளான் பகுதிகளின் நில வரலாற்றை எழுத வேண்டியவர்கள் இதுவரை திறவாத பெட்டி அது.